உரிமையாளர் கையொப்பம்

சம்மாந்துறை
2020 ஏப்ரல் 29

அன்புத் தம்பி றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்கு நோன்பு ஐந்து. நீ கொழும்பில் எதைக் கொண்டு நோன்பு திறக்கிறாய், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு உன்னை யார் எழுப்புகிறார்கள் என்று தினமும் நினைக்கிறேன். உனக்குப் பள்ளிவாசல் பாங்கும் கேட்காது, கதவைத் தட்டினாலும் கேட்காது.

ஊரடங்கில் தபால் கந்தோர் பூட்டிக் கிடக்கிறது. மரக்கறி லொறிக்குப் பாஸ் இருப்பதால் ட்ரைவரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். என் பட்டன் போனில் தமிழ் அடிக்க முடியாது. மகள் அம்ஹா பாடம் படிப்பது பக்கத்து வீட்டுப் போனில். அடுத்தவர் போனில் நம் வீட்டுக் கதையை அனுப்ப எனக்கு மனமில்லை.

பண்ணையின் பாடு மோசம். தீவனம் வந்து பதினெட்டு நாளாகிறது. அறுநூறு கோழியும் பசியில் ஒன்றையொன்று கொத்துகின்றன. பேக்கரிகள் மூடியதால் முட்டைக்கு ஆளில்லை. தெருவில் வீடு வீடாகக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மிஞ்சியதை நேற்றுக் குழி வெட்டிப் புதைத்தேன். பக்கத்துக் காணிச் சின்னப்போடி அண்ணனைக் காரைதீவிலிருந்து வரவிடாமல் வழியிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அவருடைய கத்தரிக்காய் செடியிலேயே பழுத்து வதங்குகிறது.

வாப்பா வீட்டை எனக்கும் காணியை உனக்கும் எழுதியபோது, "இவனுக்குக் காது கேக்காது, நாளைக்கு ஆரும் ஏமாத்திப் போடுவாங்க. காணியாவது இரிக்கட்டும்" என்றார். அந்தக் காணியில் ஐந்து வருடமாக நான் பண்ணை வைத்திருக்கிறேன். நீ ஒரு சதம் கேட்டதில்லை. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் கோழிகளைக் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை.

துஆச் செய். வஸ்ஸலாம்.
உன் ராத்தா
ஜெஸீமா


மருதானை, கொழும்பு
2020 மே 20

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அம்ஹாவும் சுகம்தானே? சஹருக்கு அறைத்தோழன் றினாஸ் எழுப்புகிறான். என் கைவிரலில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தன் கட்டிலில் வைத்திருக்கிறான். அவன் இழுத்தால் நான் எழும்புவேன்.

இங்கே எல்லோரும் முகக்கவசம் போட்டிருக்கிறார்கள். முன்பென்றால் வாயைப் பார்த்துப் பாதியாவது விளங்கிக்கொள்வேன். இப்போது கடைக்காரன் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிடுகிறேன். போன கிழமை பருப்புக் கேட்டுவிட்டுக் கடலையோடு வந்தேன்.

பெருநாளுக்குப் பிறகு நான் வேலை செய்யும் அச்சகம் திறக்குமாம். முதலாளி சொல்லியிருக்கிறார். கோழிகளைப் பற்றி எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
தம்பி றஸ்மி


சம்மாந்துறை
2020 ஜூன் 24

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் இருக்கிறோம். கோழிகள்தான் இல்லை. செத்தது போக, மிச்சத்தில் பெரும்பகுதியைக் கிடைத்த விலைக்கு இறைச்சிக்குக் கொடுத்தேன். நூற்றுப்பத்துக் கோழி மிச்சம்.

கொரோனாவால் நட்டப்பட்ட பண்ணைகளுக்கும் தோட்டங்களுக்கும் அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது என்று பள்ளிவாசலில் அறிவித்தார்கள். மறுநாள் காலையிலேயே கந்தோரில் போய் நின்றேன். படிவம் கொடுப்பவர் யூஜினி மிஸ். கல்முனைக்காரி, நல்ல தன்மையாகக் கதைக்கிறார். ஆனால் படிவத்தில் கேட்பதெல்லாம் காணி உரிமையாளரின் பெயர், உரிமையாளரின் கையொப்பம், உரிமையாளரின் வங்கிப் புத்தகம். பண்ணை என்னுடையது, தம்பியின் காணியில் நடத்துகிறேன் என்றேன். "விளங்குது அக்கா. ஆனா அப்பிடி எழுத இதில இடமில்ல" என்றார்.

இடமில்லைதான். விடியக் கூட்டுக்குள் போகிறவளுக்கும் எருவை அள்ளுகிறவளுக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை. மூன்று தரம் போய் வந்துவிட்டேன். வேறு வழி கிடையாது. படிவத்தை இத்துடன் அனுப்புகிறேன். கையொப்பமிட்டு, வங்கிப் புத்தகத்தின் பிரதியும் வைத்து உடனே அனுப்பு. பணம் உன் கணக்குக்குத்தான் வரும். வந்ததும் எனக்கு அனுப்பிவிடு. குஞ்சு வாங்க அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
ராத்தா


மருதானை
2020 ஜூலை 3

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கோழிகளின் கதையைப் படித்துக் கவலைப்பட்டேன். படிவத்தில் மூன்று இடத்தில் கையொப்பமிட்டிருக்கிறேன். வங்கிப் புத்தகப் பிரதியும் உள்ளே இருக்கிறது.

பணம் வந்த அன்றே அனுப்புவேன். அது நீங்கள் என்னிடம் நம்பி ஒப்படைத்த அமானிதம்.

அச்சகம் திறந்துவிட்டார்கள். கிழமைக்கு மூன்று நாள் வேலை. என்னைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.
றஸ்மி


சம்மாந்துறை
2020 செப்டம்பர் 6

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீ வருவாய் என்று அம்ஹா காத்திருந்தாள். சுகமாக இருக்கிறாய்தானே? இரண்டு மாதமாக ஒரு வரியும் இல்லை.

நானும் கந்தோருக்கு நடந்து களைத்துவிட்டேன். ஒரு நாள் கந்தோரின் பெரிய சேர் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு நாள் மின்சாரம் இல்லை. ஒரு நாள் என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம். பண்ணையின் முள் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வெறுங்காணியை வைத்திருக்கிற ஒருவருக்குப் பணம் கிடைத்துவிட்டது. அந்தக் காணியில் நான் ஒரு கோழியின் இறகைக்கூடக் கண்டதில்லை. சின்னப்போடி அண்ணனின் பெயர் பட்டியலிலேயே இல்லை. அவரைப் போல இன்னும் எட்டுப் பேர். எல்லோரும் படிவம் கொடுத்தவர்கள்.

உன் கணக்குக்கு ஏதாவது வந்ததா? வங்கியில் போய்ப் பார்த்து எழுது.

வஸ்ஸலாம்.
ராத்தா


மருதானை
2020 செப்டம்பர் 27

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். வங்கியில் பார்த்தேன். பணம் இன்னும் வரவில்லை.

அம்ஹா வகுப்பில் எத்தனையாம் பிள்ளையாக வந்தாள்? கணக்குப் பாடத்தில் எத்தனை புள்ளி? அவளுக்கு வண்ணக் கடதாசி எடுத்து வைத்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
றஸ்மி


சம்மாந்துறை
2020 ஒக்டோபர் 18

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் மறுபடியும் நோய் பரவுகிறது என்கிறார்கள். வெளியே போகாதே.

இங்கே நடந்ததைக் கேள். கந்தோரின் விளம்பரப் பலகையில் பட்டியலை ஒட்டினார்கள். உன் பெயருக்கு நேரே 'செலுத்தப்பட்டது' என்று இருந்தது. என் கண்ணையே நான் நம்பவில்லை. யூஜினி மிஸ்ஸிடம் போய்க் கேட்டேன். கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஓகஸ்ட் மாசமே காசு போயிட்டு. தம்பியிட்டக் கேட்டுப் பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு உச்சி கொதித்தது. உன் கடிதத்தை எடுத்து மேசையில் போட்டேன். "என்ட தம்பி கைப்பட எழுதியிருக்கான். அவன் பொய் எழுதமாட்டான். காசு எங்க போனதெண்டு நீங்க செல்லுங்க" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

அன்று பின்னேரமே பட்டியலில் விடுபட்ட ஒன்பது பேரும் நானும் கூடி மனு எழுதினோம். ஒன்பது பேரிடமும் வாய்ப்பேச்சு மட்டும்தான் இருந்தது. என்னிடம் எழுத்து இருந்தது. அதனால் என் முறைப்பாட்டை முதலாவதாக வைத்து, உன் கடிதத்தின் பிரதியையும் இணைத்தோம். கணக்கு இலக்கத்தை மாற்றிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது என் முறைப்பாடு. படிவங்களைக் கையேற்றவர் என்பதால், விசாரணை முடியும்வரை யூஜினி மிஸ்ஸை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

சின்னப்போடி அண்ணனுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "தங்கச்சி, அந்தப் புள்ள அப்பிடிச் செய்யிற ஆள் இல்லப் போல" என்றார். நான்தான் அவருடைய வாயை அடைத்தேன். இந்த ஆறு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கிறது.

வஸ்ஸலாம்.
ராத்தா


மருதானை
2020 டிசம்பர் 6

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. எங்கள் தெருவை அடைத்திருந்தார்கள். பதில் எழுதப் பலமுறை உட்கார்ந்தேன்.

அந்த மனுவைத் திரும்ப எடுக்க முடியாதா? கந்தோர் ஆட்களோடு பகைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு காரியமும் நடக்காது. அந்தப் பணம் எப்படியும் ஒருநாள் வந்துசேரும்.

அந்த மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

வஸ்ஸலாம்.
றஸ்மி


சம்மாந்துறை
2020 டிசம்பர் 23

றஸ்மிக்கு,

ஸலாம் சொல்வது கடமை. அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று விசாரணை. மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி, வங்கியில் எடுத்த தாள்களை என் முன்னால் வைத்தார். கணக்கு இலக்கம் உன்னுடையது. ஓகஸ்ட் 24 பணம் வந்திருக்கிறது. ஓகஸ்ட் 26 எடுக்கப்பட்டிருக்கிறது. பணம் எடுத்த துண்டுச் சீட்டைக் காட்டி, "இது ஆர்ர கையொப்பம்?" என்று கேட்டார். நீ 'ற' போடும் விதம் எனக்குத் தெரியாதா? உனக்குக் கையைப் பிடித்து எழுதப் பழக்கியது நான். "கண் தெளிவில்ல சேர், வடிவாப் பார்க்கணும்" என்றேன். கந்தோரில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

வெளியே சின்னப்போடி அண்ணனும் மற்றவர்களும் நின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். தலையிடி என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. செப்டம்பர் 27ஆம் திகதி நீ எனக்கு எழுதியபோது அந்தப் பணம் எங்கே இருந்தது?

ஜெஸீமா


மருதானை
2021 ஜனவரி 11

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

அப்போது அந்தப் பணத்தில் வாங்கிய பழைய கணினியும் பிரிண்டரும் என் அறையில் இருந்தன.

பெருநாளுக்குப் பிறகு அச்சகம் திறக்கவேயில்லை. கிழமைக்கு மூன்று நாள் வேலை என்று எழுதியது பொய். உண்மையைச் சொன்னால் ஊருக்கு வரச் சொல்வீர்கள். வந்தால் வாப்பா காலத்தில் இருந்தது போல, எல்லோரும் எனக்காகப் பயந்துகொண்டிருக்க, நான் ஒரு மூலையில் இருக்கவேண்டும். றினாஸுக்குத் தெரிந்த ஒருவர் கணினியை விற்க இருந்தார். கல்யாண அழைப்பிதழ், கடை விளம்பரம் அடித்துக் கொடுத்தால் இரண்டு மாதத்தில் உங்கள் பணத்தைத் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒக்டோபரில் கொழும்பை அடைத்தார்கள். கல்யாணமும் இல்லை, கடையும் இல்லை.

"வரவில்லை" என்று எழுதியபோது, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தானே என்றுதான் எழுதினேன். அந்தக் கடிதத்தை மனுவோடு இணைத்ததாக நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒவ்வொரு நாளும் தள்ளிப் போட்டேன். அந்த மிஸ் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே சாப்பிட்டேன், தூங்கினேன்.

கணினியை விற்கக் கொடுத்திருக்கிறேன். முழுப் பணமும் தேறாது. என்ன சொன்னாலும் செய்கிறேன்.

றஸ்மி


சம்மாந்துறை
2021 ஜனவரி 31

றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வந்த மறுநாள் கல்முனைக்கு யூஜினி மிஸ்ஸின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைகள். நீ கேட்டிருந்தாயே. கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அண்டைக்கே சென்னன்தானே அக்கா, தம்பியிட்டக் கேளுங்க எண்டு. சனத்துக்கு முன்னால கத்தினீங்க. இப்ப பூசைக்குப் போனாலும் எனக்குப் பக்கத்தில ஆரும் வந்து இரிக்கிறல்ல" என்றார். மன்னிக்கச் சொன்னேன். "எழுதித் தாங்க" என்றார். அந்த வாசற்படியில் உட்கார்ந்தே எழுதிக் கொடுத்தேன்.

கந்தோரிலும் என் முறைப்பாடு பிழை என்று கடிதம் கொடுத்தேன். அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. முதலாவது முறைப்பாடே பொய் என்றால் மற்ற ஒன்பதையும் எப்படி நம்புவது என்று மனுவையே மூடிவிட்டார்கள். அந்த ஒன்பது பேரும் ஒரு பொய்யும் சொல்லவில்லை, றஸ்மி. கத்தரிச் செடி காய்ந்தது உண்மை. விலைபோகாத பாலை மண்ணில் ஊற்றியது உண்மை. இப்போது அவர்கள் என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிப் போகிறார்கள். சின்னப்போடி அண்ணன் மட்டும் பேசாமல் என் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பணத்தை எனக்கு அனுப்பாதே. மனுவை மூடினாலும் மிஸ்ஸின் மேலான விசாரணை முடியவில்லை; மார்ச் ஒன்பது அடுத்த விசாரணை. நீ நேரில் வா. நடந்ததை உன் வாக்குமூலமாகக் கொடு. யூஜினி மிஸ்ஸின் பெயர் அந்தப் பைலில் ஒரு கறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஜெஸீமா


சம்மாந்துறை
2021 ஏப்ரல் 20

தம்பி றஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இன்றைக்கு நோன்பு ஏழு. உடம்பு எப்படி? அன்று நீ மெலிந்துபோய் இருந்தாய்.

விசாரணை நாளில் நான் கந்தோரின் வெளி வாங்கில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கண்டாய், நானும் கண்டேன். கிட்ட வரவில்லை. பின்னேர பஸ்ஸுக்கு நீ போகும்போது வீட்டுக்கு வா என்று கூப்பிடவும் இல்லை. அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்று என்னால் முடியவில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. யூஜினி மிஸ்ஸைத் திரும்ப வேலைக்கு எடுத்துவிட்டார்கள். அவர் வந்த முதல் கிழமையே எனக்குப் போன் எடுத்து, கந்தோருக்கு வரச் சொன்னார். விசாரணை அறிக்கையைக் காட்டினார். அதில் "பணம் எடுத்தது சகோதரிக்கும் ஆரம்பத்திலேயே தெரியும் என்று சாட்சி ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருந்தது. நீ எழுதிக் கொண்டுவந்த வாக்குமூலத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. பிறகு எப்படி என்று கேட்டேன். அவருக்கு அது ஏற்கனவே விளங்கியிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனார்.

"சேர், இவவுட தம்பிக்குக் காது கேக்காது. நீங்க மாஸ்க் போட்டுக்கிட்டு வாயால கேட்டிரிக்கிங்க. அவர் எல்லாத்துக்கும் தலையாட்டியிருப்பார். எழுதிக் கேட்டிரிக்கணும்."

அதிகாரிக்கு முகம் கறுத்தது. பிறகு அந்த வரியை வெட்டி, பக்கத்தில் கையொப்பமிட்டார். வெளியே வந்ததும், என் மேல் இவ்வளவு கோபம் இருக்க ஏன் இதைச் செய்தீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன்.

"கோபம் போகல்ல அக்கா. ஆனா பொய்யான ஒரு வரி பைலுக்குள்ள கிடந்தா என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும்" என்றார். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

கணினியை விற்று நீ அன்று கந்தோரில் கட்டிய பணம் அரசாங்கத்துக்கே போய்விட்டது. பண்ணை நடத்தியவர் விண்ணப்பிக்கவில்லை, விண்ணப்பித்தவர் பண்ணை நடத்தவில்லை, ஆகவே எங்களுக்குத் தகுதியே இல்லையாம். ஒன்பது பேரும் புதிதாகப் படிவம் கொடுத்தார்கள். திகதி முடிந்துவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். மேலிடத்துக்கு எழுதினோம். இந்த முறை என் கையொப்பம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். சின்னப்போடி அண்ணன் அவரைப் பார்த்து, "தங்கச்சியும் வைக்கட்டும்" என்று மட்டும் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார். பதில் இன்னும் இல்லை. நாளைக்கும் போவோம்.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். உன் காணியிலிருந்து பண்ணையை எடுத்துவிட்டேன். கூட்டின் தகரம், கம்பி எல்லாவற்றையும் கழற்றிச் சின்னப்போடி அண்ணனின் காணி மூலையில் போட்டிருக்கிறேன். மிஞ்சியிருந்த கோழிகள் அங்கேதான். அவர் குத்தகைப் பத்திரம் எழுதி என் பெயரைப் போட்டுத் தந்திருக்கிறார். கோபத்தில் செய்யவில்லை. இனிமேல் ஒரு படிவம் வந்தால் அதில் என் கையொப்பம் போதுமானதாக இருக்க வேண்டும். உன் காணி உனக்குத்தான். வந்து கத்தரி நடு, விற்றுப் போடு, சும்மா விடு. அது உன் விருப்பம்.

மன்னிப்புக் கேட்டு இனி எழுதாதே. ஆறு கடிதம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன்.

பெருநாளைக்கு வீட்டுக்கு வா. அம்ஹா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். உன்னோடு கதைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வந்தால் நான் ஒன்றும் எழுதிக் காட்டமாட்டேன், நீயும் காட்டாதே. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா